மை வைத்த குதிரை

"மீன்காரம்மா இன்னிக்கு மஞ்சச் சேலை கட்டியிருக்காங்கம்மா."

நிலா இதைச் சொன்னபோது அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்த இட்லியைக் கோழி மாதிரிக் கிளறிக்கொண்டிருந்தாள். மதிவதனியின் ஒரு கையில் சட்னிக் கரண்டி, இன்னொரு கையில் மதியச் சாப்பாட்டு டப்பா. ஆறு வயதுப் பிள்ளை பேசுகிற எல்லாவற்றையும் காதில் வாங்கினால் எட்டே முக்கால் பேருந்தைப் பிடித்த மாதிரிதான். ம் என்று சொல்லி வைத்தாள். ஒரு நிமிடம் போயிருக்கும். தெருக்கோடியில் "மீனேய்" என்று குரல் கேட்டது. கருக்களாச்சேரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருகிற வடிவாம்பாளின் குரல். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன மதிவதனி, கிரில் கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வடிவாம்பாள் மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். சிவப்புக் கரை வைத்த புதுச் சேலை.

காரைக்கால் கோவில்பத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில் அடுப்படிதான் கடைசி அறை. அதற்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. கொல்லைச் சுவரைப் பார்த்து ஒரு சின்ன வெளிச்சத் துவாரம் மட்டும் உண்டு, அதுவும் நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். மீனை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள், எங்கிருந்து பார்த்தாய் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"இங்கேர்ந்துதான்" என்றாள் நிலா, வாயில் இட்லியோடு. "குதிரைகிட்டேர்ந்து தெரிஞ்சிச்சு."

குதிரை வாசல் போர்ட்டிகோவில் நின்றது. நிலாவின் உயரத்துக்கு இருந்தது. சுட்ட மண். கழுத்தில் மண்ணிலேயே செய்த மணிமாலை, முதுகில் சேணம், விடைத்த காது, பல் தெரியத் திறந்த வாய். வயிற்றுக்கு அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே வெறும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் வந்து இறங்கியதிலிருந்து அந்தப் பக்கம் போனாலே ஈர மண்ணும் வைக்கோல் புகையும் கலந்த சூளை வாசம் அடித்துக்கொண்டிருந்தது. அது இங்கே இருக்க வேண்டிய பொருளே அல்ல. விழிதியூரில், வயலுக்கு நடுவே இருக்கும் ஐயனார் கோயிலில், வரிசையாக நிற்கிற குதிரைகளோடும் யானைகளோடும் நாய்களோடும் நிற்க வேண்டியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நிலாவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணைத் திறந்தால் போதும், உனக்குக் குதிரை எடுத்து வைக்கிறேன் என்று ஐயனாரிடம் மதிவதனி வேண்டிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலையில் நிலா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அதற்கப்புறம் ஆயிரம் வேலை. ஆட்சியர் அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. கணவன் ஆதவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவான். வேண்டுதல் அப்படியே தள்ளித் தள்ளிப் போயிற்று. இந்தக் கார்த்திகையில்தான் ஒருவழியாகக் குயவர் சிலம்பரசனிடம் சொல்லிக் குதிரை செய்யக் கொடுத்தாள். கோயில் குதிரைகளெல்லாம் அவர் வீட்டுச் சூளையில் சுட்டவைதான். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்றிப் போகும்போது வயல் பாதையில் முழங்கால் தண்ணீர். வண்டி திரும்பி நேராக இங்கே வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை தண்ணி வடிஞ்சிரும், வந்து எடுத்துக்கறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார் சிலம்பரசன். நான்கு ஆள் சேர்ந்து இறக்கினார்கள். முகத்தில் வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிப் பிடரியில் முடிச்சுப் போட்டிருந்தது. போகும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். துணியை அவிழ்க்காதீங்க.

திங்கள்கிழமை காலையில் மதிவதனி அவிழ்த்தாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிப்பாட்டித் தலை சீவி, மை டப்பாவைத் திறந்து நிலாவுக்குக் கண்ணுக்கு மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிற நேரம் அது. தாய்க்கும் மகளுக்கும் அந்த நேரத்தில் ஒரு விளையாட்டு உண்டு. இன்னிக்கு நான் என்ன குட்டி என்று நிலா கேட்பாள். எலிக்குட்டி, யானைக்குட்டி, கன்னுக்குட்டி, சேட்டை செய்த நாளில் குரங்குக்குட்டி என்று மதிவதனி ஏதாவது சொல்வாள். அன்றைக்குப் போர்ட்டிகோவைப் பார்த்துவிட்டு, "குதிரைக்குட்டி" என்றாள். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. குதிரையிடம் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, துணியைக் கட்டி வைத்தால் அதுக்கு மூச்சு முட்டும்மா, அவிழ்த்து விடும்மா என்று ஒரே அழுகை. நேரமாகிவிட்டது. அவிழ்த்தாள். உள்ளே கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வழுவழுப்பான மேடு, அவ்வளவுதான். "அதுக்குக் கண்ணே இல்லையேம்மா" என்று நிலா மறுபடி உதட்டைப் பிதுக்க, கையில் இருந்த மை டப்பாவிலேயே விரலைத் தொட்டு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நிலாவுக்குத் தீட்டுவது போலவே தீட்டி, கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தாள். தீட்டுகிற நேரம் முழுக்க நிலா இரண்டு கையாலும் குதிரையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரச அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள் மதிவதனி. அன்றிரவு நிலா புரண்டு புரண்டு படுத்தாள். கொசு என்று மதிவதனி நினைத்தாள்.

இப்போது, செவ்வாய்க்கிழமை காலையில், மீன் பாத்திரத்தோடு குதிரைக்கு முன்னால் நின்று பார்த்தாள். அவள் தீட்டியது அவசரக் கோடு. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அந்தக் கோடுகள் ஒழுங்காக இருந்தன. ஓரத்தில் மெல்லிய இழை இழையாக இமை முடிகூட இருந்தது. இமை முடி அவள் வரையவில்லை. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மெஹர் பானு அப்போதுதான் படியிறங்கி வந்தவர், கண்ணு ரொம்ப அழகா வரைஞ்சிருக்கியே புள்ள, நெசக் கண்ணு கணக்கா இருக்கு என்று பாராட்டிவிட்டு, ஆனால் பக்கத்தில் வராமல் சுவரோரமாகவே நடந்து தெருவுக்குப் போனார்.

அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கை தட்டும்போதெல்லாம் மஞ்சள் சேலை நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் எதையாவது சொல்லும், ஒன்று பலிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். நிலாவை அடுப்படியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்குப் போய்க் குதிரையின் முன்னால் நின்று, சத்தமே செய்யாமல் மூன்று விரலை உயர்த்திக் காட்டினாள். வீட்டின் கடைசியிலிருந்து, இரண்டு கதவுக்கு அப்பாலிருந்து, நிலாவின் சிரிப்பு கேட்டது.

"மூணு."

உயர்த்திய கையை இறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றிரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு மழை வாசத்தோடு வடக்குக் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து, கொடியில் கிடந்த ஈரத் துணிகளை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தது. தூரத்து வாய்க்காலில் தவளைகள் ஒரே சுருதியில் கத்துவதும், எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும், அதற்கெல்லாம் நடுவே, பானையை யாரோ நகத்தால் சுண்டுவது போல வாசல் பக்கமிருந்து ஓர் ஓசையும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன. நிலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சைக் கேட்டாலே மதிவதனிக்குத் தெரியும்.

"தூங்கேண்டி கண்ணு."

"இருட்டே வர மாட்டேங்குதும்மா" என்றாள் நிலா. குரல் களைத்திருந்தது. "கண்ணை மூடினாலும் தெருவு தெரியுது. லைட்டுக் கம்பத்துக்குக் கீழ நாய் படுத்திருக்கு. இப்ப எழுந்திரிச்சு நம்ம வீட்டப் பாக்குது."

தெருவில் நாய் குரைக்க ஆரம்பித்தது.

மதிவதனி எழுந்து விளக்கைப் போட்டுப் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். நெற்றி குளிர்ந்திருந்தது. மழைக்காலத்துப் பானை மாதிரி ஒரு குளிர்ச்சி. நேற்றும் தூங்கவில்லை, இன்றும் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, நாளைக்கு நீ பூனைக்குட்டி என்றாள். பூனைக்குட்டிதான் நன்றாகத் தூங்கும் என்றாள்.

"இல்லம்மா" என்றாள் நிலா பொறுமையாக, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போல. "நான் குதிரைக்குட்டிதான்."

கண்ணை மூடத் தெரியாத ஒன்றின் கண்ணால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் மதிவதனிக்குத் தோன்றியது. அது உண்மையா பைத்தியக்காரத்தனமா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. பிள்ளை தூங்க வேண்டும். வாசல் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து போர்ட்டிகோவுக்குப் போனாள். குதிரையின் முகத்தை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று, அந்த வேட்டித் துணியை எடுத்து மறுபடி அதன் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். துணி கண்மேட்டின் மேல் படிந்தபோது அதன் திறந்த வாயிலிருந்து லேசான வெதுவெதுப்பு வந்து மணிக்கட்டில் பட்டது. சூளையிலிருந்து எடுத்து ஒரு வாரம் ஆகிறது. உள்ளே ஓடி வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

நிலா தூங்கிவிட்டிருந்தாள். வாய் திறந்து, கை காலைப் பரப்பிப் போட்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய நிலா மாதிரி. மதிவதனி பக்கத்தில் படுத்துச் சத்தம் வராமல் அழுதாள். இவ்வளவுதானே, வெள்ளிக்கிழமை வரைக்கும் கட்டி வைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். அந்த நிம்மதி விடியும் வரை இருந்தது.

காலையில் நிலா கட்டிலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப இருட்டா இருக்கும்மா, இன்னும் விடியலையா என்றாள். மணி ஏழு. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. மதிவதனி வாசலுக்கு ஓடித் துணியை அவிழ்த்தாள்.

துணியின் உட்புறத்தில் கறுப்பாக அப்பியிருந்தது. இடது பக்கத்து மை முக்கால்வாசி துணியோடு வந்துவிட்டது. அங்கே மண்ணின் சிவப்புதான் தெரிந்தது, ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்றோடு. வலது கண் பெரும்பாலும் அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து நிலா கூப்பிட்டாள். வெளிச்சம் வந்திருச்சும்மா. ஆனா இந்தப் பக்கம் வரலை.

இடது கண்ணை அவள் தன் சின்ன உள்ளங்கையால் பொத்தித் திறந்து காட்டினாள். பொத்தினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாள்.

அன்று கண் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைக் காட்டினார், நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிள்ளை தூக்கமில்லாமல் சோர்ந்திருக்கிறது, ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள் என்றார். ஆதவனுக்குப் போன் செய்தால் அவன் மதுரைக்கு, சென்னைக்கு என்று பெரிய ஆஸ்பத்திரிகளின் பெயராகச் சொல்லிக்கொண்டே போனான். குதிரையைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் நின்று, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சிலம்பரசனைக் கூப்பிட்டாள். முதலில் சுற்றி வளைத்தாள். அவர் நேராகக் கேட்டார்.

"துணிய அவுத்தீங்களா?"

சொன்னாள். மை தீட்டியதையும் சொன்னாள்.  

கோயிலில் வைத்துத்தான் கண் திறப்பது என்றார் அவர். பூசை போட்டு, கண்ணில் மை எழுதின உடனே முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள். குதிரை முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். முதலில் எதைப் பார்க்கிறதோ அதில்தான் அதன் பார்வை தங்கும். அதற்காகத்தான் வழியில் யாரும் எதிர்ப்படக் கூடாது என்று முகத்தைக் கட்டி எடுத்துப் போவது.

"மொதல்ல யாரப் பாத்துச்சு?"

 தோளில் கிடந்த நிலாதான் அசைந்து, "யாரும்மா போன்ல" என்று கேட்டாள். அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"சரி. பயப்படாதீங்க" என்றார். பயந்த குரல் அது. "வெள்ளிக்கிழமை காலையில ஆளோட வர்றேன். கோயிலுக்கு எடுத்துப் போயி, கண்ணாடியக் காட்டிப் பார்வையத் திருப்பி எடுத்துக்கலாம், எங்கப்பா ஒருதடவ செஞ்சிருக்காரு. அது வரைக்கும் இருக்கிற மை இருக்கணும். மேல வேற மை வைக்காதீங்க, பழசு போயிரும். துணியும் கட்டாதீங்க. முக்கியமா, நனைய விடாதீங்க தங்கச்சி."

அன்று மாலை அலுவலகத்துக்கு ஓடிப்போய் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் தட்டியது இதுதான்: வெள்ளிக்கிழமை காலை வரைக்குமான கனமழை எச்சரிக்கை காரணமாக நாளை வியாழக்கிழமை காரைக்கால் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை. 

போர்ட்டிகோவுக்கு மேலே கூரை இருந்தது, மூன்று பக்கம் திறப்பு. மெஹர் பானுவிடம் நீலத் தார்ப்பாய் வாங்கி, கிரில்லுக்கும் தூணுக்கும் இழுத்துக் கயிறு போட்டுக் கட்டினாள், குதிரையின் முகத்தில் படாதவாறு ஒரு முழம் தள்ளி. உள்ளே தூக்கி வைக்க முடியுமா என்று கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்தாள். முன்னங்காலுக்குள் எங்கோ மெல்லிதாக ஒரு விரிசல் ஓடுகிற சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டாள். கால் உடைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை. வியாழக்கிழமை காலையில் மெஹர் பானு நிரவியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. மதிவதனி விடுப்புச் சொல்லிவிட்டு, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, குதிரைக்குக் காவல் உட்கார்ந்தாள்.

மூன்று வருடமாக ஐயனாரை மறந்திருந்தவள், அந்த ஒரு பகலில் மூச்சுக்கு மூச்சு அவரைக் கூப்பிட்டாள்.

மத்தியானம் வரை மழை நேராகப் பெய்தது. போர்ட்டிகோவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. நிலா கூடத்தில் தரையில் கவிழ்ந்து படுத்து, ஒரு பக்கமாய்த் தலையைச் சாய்த்து, நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவளைப் பார்க்க முடிந்தது. பகலே இருட்டிக் கிடந்ததால் குழல்விளக்கு எரிந்தது, மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என்ன வரையறே என்று கேட்டாள். உன்னத்தாம்மா, என்றாள் நிலா. எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண். எதிரே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. குதிரை நிற்கிற இடத்திலிருந்து.

மூன்றரை மணிக்குக் காற்று திரும்பிற்று.

கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று அது. உப்பும் அழுகின பாசியும் மணக்க, தெருவின் தென்னை மட்டைகளையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, மழையைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. தார்ப்பாய் வயிறு போல உப்பிற்று. ஒரு கயிறு அறுந்தது. இன்னொன்று. நீலத் துணி படபடவென்று அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் பறந்தது.

முதல் சாரல் குதிரையின் நெற்றியில் விழுந்தது. சிவப்பு மண் கறுத்தது.

மதிவதனி பாய்ந்து முன்னால் போய் நின்றாள். முதுகில் மழை அறைந்தது. போதவில்லை. காற்று சுழன்று இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீரை விசிறிற்று. குடை உள்ளே இருந்தது. போய் வர நேரமில்லை. முந்தானையை விரித்தாள், உடனே இழுத்துக்கொண்டாள். துணி பட்டால் மை போகும். இடது கண்ணில் மிச்சமிருந்த கீற்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து, ஒரு கறுப்புத் துளியாகத் தாடை வரை ஓடிற்று. வலது கண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது.

இரண்டு கையையும் குவித்து, கிண்ணம் போலக் குழித்து, குதிரையின் இரண்டு கண்ணையும் மூடினாள்.

உள்ளே பென்சில் உருளுகிற சத்தம்.

"அம்மா, கரண்ட் போயிருச்சா?"

ஜன்னலைப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தின் நடுவில் நிலா எழுந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்லடி. அப்படியே உக்காரு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"உன் கை தெரியுதும்மா" என்றாள் நிலா. "உள்ளங்கை. கோடு கோடா. மோதிரம்."

கையைக் கொஞ்சம் விலக்கினாள். அந்த இடுக்கில் மழை நுழைந்தது. வலது கண்ணின் மேல்கோடு கலங்கிற்று. உள்ளே நிலா, ஐயோ மங்கலா இருக்கே என்று கண்ணைக் கசக்கினாள். மூடினாள். நிலா, இருட்டா இருக்கே என்றாள். விலக்க முடியாது. மூடவும் முடியாது. மழை விடுகிற மாதிரி இல்லை. நாளைக் காலை வரைக்கும் இல்லை. அவள் தட்டிய அறிவிப்பில் அப்படித்தான் இருந்தது.

உதவிக்குக் கத்தினாள். தெருவில் மழைதான் இருந்தது.

விரலிடுக்கில் தண்ணீர் இறங்கிற்று. மணிக்கட்டில் கறுப்பாக ஒரு கோடு. முழங்கை வரைக்கும். இன்னொரு கோடு.

"எலிக்குட்டி" என்றாள் மதிவதனி. "யானைக்குட்டி. கன்னுக்குட்டி. அம்மா சொல்றேன்ல. நீ என் கன்னுக்குட்டிடி."

கூடத்திலிருந்து பதில் வர நேரமாயிற்று. வந்தபோது அது கூடத்திலிருந்து வரவில்லை. அவள் மார்புக்கு எதிரே, திறந்த மண் வாய்க்குள்ளிருந்து, வயிற்றின் வெற்றிடத்தில் பட்டு எதிரொலித்துக்கொண்டு, சின்னதாக, வெதுவெதுப்பாக வந்தது.

"தூக்கம் வருதும்மா."

ஜன்னலுக்குள் வெளிச்சத்தில் நிலா நின்றுகொண்டிருந்தாள். நீட்டிய கைகள் நீட்டியபடி. அசைவில்லை. வாய் மூடியிருந்தது. நெற்றியும் கன்னமும் விளக்கொளியில் சுட்டெடுத்த மாதிரி வழுவழுவென்று இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடு.

"தூங்காதடி. கண்ணைத் தொற." ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியதைப் போலவே கத்தினாள். "கண்ணைத் தொறடி தங்கம்."

உள்ளங்கைக்கு அடியில், ஈர மண்ணின் மேல், மெல்லிய இமைகள் ஒருமுறை அடித்துக்கொண்டன. பட்டுப் போல. இன்னொரு முறை, மெதுவாக. பிறகு அவள் கையின் இருட்டுக்குள்ளேயே மூடிக்கொண்டன.